நாளையும் இதே வகுப்பறைதான்: சக மாணவர் வதையும் வளரிளம் பருவத்தினரின் நம்பிக்கையும்

1. கேள்வி

"பசங்க என்னை ஓட்டுறாங்க" என்று ஒரு பிள்ளை வீட்டில் வந்து சொன்னால், "அதையெல்லாம் காதில் போட்டுக்காதே" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பதில். கொஞ்சம் அக்கறையுள்ள வீடென்றால் "நீ என்ன பண்ணினே?" என்ற கேள்வியும் வரும். முதலாவது நடந்ததைச் சிறிதாக்குகிறது. இரண்டாவது, காரணத்தைப் பிள்ளையிடமே தேடச் சொல்கிறது. சக மாணவர் வதை பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால், இரண்டாவது கேள்விதான் அதிகக் கவலை தருகிறது. வதைக்கு ஆளான பிள்ளை தனக்குத்தானே ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுவே.

வதை மனச்சோர்வையும் பதற்றத்தையும் உண்டாக்கும் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இக்கட்டுரை விசாரிப்பது அதற்கு அடுத்த படியை: எதிர்காலத்தின் மீதான நம்பிக்கை எப்படிச் சேதமாகிறது? வருத்தமும் நம்பிக்கை இழப்பும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்புக்குப் பின் எந்த குரூப் எடுப்பது, கல்லூரியா பாலிடெக்னிக்கா, ஊரிலேயே இருப்பதா வெளியூர் போவதா என்று வாழ்க்கைக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும் வயது இது. நாளை நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பை வைத்துத்தான் இந்த வயதில் பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள்.

என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தனக்கு நேர்ந்ததற்குப் பிள்ளை என்ன விளக்கம் கொள்கிறது என்பதன் வழியாகவே வதை அதன் நம்பிக்கையைத் தொடுகிறது. அந்த விளக்கத்தைப் பிள்ளை தனியாக உருவாக்கிக்கொள்வதில்லை. வகுப்பறையும் ஊரும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. அதனால் நம்பிக்கைக் குறைவைப் பிள்ளையின் மனக்கோளாறாக மட்டும் எண்ணி, 'பாசிட்டிவாக யோசி' என்று பயிற்சி கொடுப்பது பாதி வைத்தியம்கூட ஆகாது.

2. அறியப்பட்டவை

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். 1970களின் தொடக்கத்தில் ஸ்வீடன் பள்ளிகளில் அவர் நடத்திய ஆய்வு 1973இல் நூலாக வந்தது. ஆனால் அரசுகள் விழித்துக்கொள்ள மரணங்கள் தேவைப்பட்டன. 1982இன் இறுதியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் வதையே காரணமாக இருக்கலாம் என்று செய்தி வந்தது. அடுத்த ஆண்டே நார்வே கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. வதை என்றால் எது என்பதற்கு ஓல்வேயஸ் வகுத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்வதற்கும் வதைக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாவது அளவுகோலே காட்டிக்கொடுக்கிறது. கலாய்க்கப்பட்டவன் அடுத்த நிமிடம் திருப்பிக் கலாய்க்க முடியுமானால் அது வேறு கதை.

எண்ணிக்கைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் பதிவுகளில் 2005ஆம் கல்வியாண்டில் சுமார் 20,000 வதைச் சம்பவங்கள். அடுத்த ஆண்டில் 1,24,000க்கும் மேல். ஒரே ஆண்டில் ஜப்பானியப் பிள்ளைகள் ஆறு மடங்கு கொடியவர்களாகிவிடவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பார்வையிலிருந்து கணக்கெடுக்கும்படி வரையறை மாற்றப்பட்டது, அவ்வளவுதான். ஆகவே "வதை பெருகிவிட்டது" என்று எந்த நாட்டுப் புள்ளிவிவரத்தைக் காட்டினாலும், யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நீண்டகாலத் தொடர் ஆய்வுகள் இதைவிட உறுதியான தளத்தில் நிற்கின்றன. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் 7,771 பேரின் பெற்றோர், பிள்ளைகளுக்கு 7 வயதிலும் 11 வயதிலும், அவர்கள் பிற பிள்ளைகளால் துன்புறுத்தப்படுகிறார்களா என்பதைச் சொல்லியிருந்தார்கள். அப்பிள்ளைகள் ஐம்பது வயதைத் தொட்ட பிறகு ரியூ தக்கிஸாவா, பார்பரா மான், லூயிஸ் ஆர்சனோ ஆகியோர் அத்தரவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அடிக்கடி வதைக்கு ஆளானவர்களிடம் 45 வயதில் மனச்சோர்வும் பதற்ற நோய்களும் தற்கொலை எண்ணங்களும் கூடுதலாக இருந்தன. 50 வயதில் அவர்களுக்கு உறவுகள் குறைவு, பொருளாதாரச் சிரமம் அதிகம், வாழ்க்கைத் தரம் பற்றிய திருப்தியும் குறைவு. நாற்பது ஆண்டுகள் கடந்தும் தடம் அழியவில்லை. "பசங்க விளையாட்டு" என்று ஒதுக்கிவிடுவோர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

3. காரணமா, உடன்வருவதா

ஆனாலும் இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இயல்பிலேயே ஒதுங்கிய, எளிதில் கலங்குகிற பிள்ளைகளைத்தான் வதைப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், பிற்காலச் சோர்வுக்குக் காரணம் வதையா, அந்த இயல்பா? பல தொடராய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் ஆல்பர்ட் ரைன்ட்யஸ் குழுவினர் எழுதிய தொகுப்பாய்வு, ஓட்டம் இரு திசையிலும் இருக்கிறது என்றது. வதை சோர்வைக் கூட்டுகிறது. சோர்ந்த பிள்ளை மேலும் எளிய இலக்காகிறது.

முடிச்சை அவிழ்க்க இரட்டையர் ஆய்வுகள் உதவின. ஒரே கருவில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் ஒருவர் மட்டும் வதைக்கு ஆளாகியிருந்தால், மரபணுவும் குடும்பமும் இருவருக்கும் பொது. மிஞ்சும் வேறுபாட்டுக்கு வதையைப் பொறுப்பாக்கலாம். பிரிட்டனில் 11,108 இரட்டையர்களின் தரவுகளைக் கொண்டு திமோத்தி சிங்கம் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இரு தரப்பையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. வதை நடக்கும் காலத்தில் பதற்றம், சோர்வு, கவனச் சிதறல் ஆகியவற்றுக்கு வதை நேரடிக் காரணம். ஆனால் ஐந்து ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை மங்கிவிடுகின்றன. மங்காமல் நிற்பவை இரண்டு: பிறர் தனக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற ஐயமும், சிந்தனை ஒழுங்கு குலைவதும்.

பலரும் இம்முடிவை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள்: பிள்ளைகள் மீண்டுவிடுகிறார்கள்! நான் அப்படிப் படிக்கவில்லை. துயரம் ஆறுகிறது, மனிதர்களைப் பற்றிய கணிப்பு மாறாமல் நிற்கிறது. நம்பிக்கை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மற்றவர்கள் நம்மிடம் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற கணிப்புத்தானே? தக்கிஸாவா குழுவினர் ஐம்பது வயதில் கண்ட உறவுக் குறைவையும், சிங்கம் குழுவினர் பதினாறு வயதில் கண்ட ஐயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முரண்போலத் தெரிகிற இரண்டு ஆய்வுகளும் ஒரே தடத்தைக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். அவ்விரு ஆய்வுகளும் இதைச் சொல்லவில்லை.

4. விளக்கத்தின் மூன்று பக்கங்கள்

நம்பிக்கையை அளக்க உளவியலாளர்கள் கருவிகள் வைத்திருக்கிறார்கள். ஆரோன் பெக்கின் நம்பிக்கையின்மை அளவுகோல் (1974) சரியா தவறா என்று குறிக்க வேண்டிய 20 வாக்கியங்களைக் கொண்டது. மைக்கேல் ஷையரும் சார்ல்ஸ் கார்வரும் 1985இல் உருவாக்கிய வினாநிரல், எதிர்காலத்தில் நல்லது நடக்கும் என்று ஒருவர் பொதுவாக எதிர்பார்க்கிறாரா என்று பார்க்கிறது. இவை பயனுள்ளவை. ஆனால் நம்பிக்கையை ஒரு குணமாக, ஏறக்குறைய உயரம், எடை மாதிரி, ஆளோடு ஒட்டியதாக எடுத்துக்கொள்ளும் போக்கு இவற்றோடு சேர்ந்தே வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே பள்ளியில், பெரும்பாலும் அதே முகங்களோடு அமர வேண்டிய ஒரு பிள்ளை, "எனக்கு நல்லது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை" என்று குறித்தால், அது நோய்க்குறியா, சரியான கணிப்பா? வினாத்தாளுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

இங்கே கைகொடுப்பது லின் ஆப்ரம்சன், மார்ட்டின் செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் 1978இல் முன்வைத்த கோட்பாடு. கெட்டது ஒன்று நடந்தால் மனிதர் அதற்குக் கொள்ளும் விளக்கத்தை அவர்கள் மூன்று கோணங்களில் பார்த்தார்கள். காரணம் என்னிடமா, வெளியிலா? அது மாறக்கூடியதா, நிலையானதா? இந்த ஒன்றோடு முடிகிறதா, எல்லாவற்றையும் தொடுகிறதா? ஆப்ரம்சன் பின்னர் ஜெரால்டு மெட்டால்ஸ்கி, லாரன் அலாய் ஆகியோருடன் 1989இல் இதைத் திருத்தி எழுதினார். காரணம் தன்னிடம் என்று நினைப்பது சுயமதிப்பைத் தாக்கும். ஆனால் நம்பிக்கையின்மைக்கு வழிவகுப்பது மற்ற இரண்டும், அதாவது இது மாறாது, இது எங்கும் தொடரும் என்ற எண்ணங்கள். இந்த வேறுபாடு நுட்பமானது. அடுத்த பகுதியில் இதுவே மையமாகப் போகிறது.

வதையின் சூழலுக்கு இக்கோட்பாட்டைக் கொண்டுவந்தவர்களில் கலிஃபோர்னியாவின் சாண்ட்ரா கிரஹாம், யானா யுவோனன் இருவரும் முக்கியமானவர்கள். 1998இல் அவர்கள் காட்டியது: "நான் அந்த நேரத்தில் அங்கே போயிருக்கக் கூடாது" என்று தன் செயலைக் குறைசொல்லும் பிள்ளையைவிட, "நான் இப்படிப்பட்டவன், அதனால்தான்" என்று தன் இயல்பையே குறைசொல்லும் பிள்ளை அதிகத் தனிமையையும் பதற்றத்தையும் அனுபவிக்கிறது. செயலை நாளை மாற்றலாம். நிறத்தை, திக்குவாயை, உடல்வாகை எப்படி மாற்றுவது? பட்டப்பெயர்கள் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகின்றன என்பதும் இங்கிருந்து விளங்குகிறது. பட்டப்பெயர் ஒரு பிள்ளை செய்ததைச் சொல்வதில்லை, அது என்னவாக இருக்கிறது என்று அறிவிக்கிறது. அதையும் தினமும், வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியரின் காதுபட.

5. நாங்குநேரி: வெளியே இருக்கும், ஆனால் மாறாத காரணம்

இதுவரை சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அவற்றின் சட்டகத்தை நம் பள்ளிகளுக்கு அப்படியே பொருத்த முடியுமா? 2023இல் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்தது அச்சட்டகத்தைச் சோதித்துப் பார்க்க நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

நாங்குநேரியைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த, படிப்பில் முன்னணியில் இருந்த தலித் மாணவர் ஒருவர், ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொடர் தொல்லையால் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான் விவரம் வெளிவந்தது, புகார் சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, உடன்படித்தவர்கள் உள்ளிட்ட சிறார்கள் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் வழிகளைச் சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமர்த்தியது இதன் பிறகே.

அரிவாள் வந்ததால் இது குற்றவியல் செய்தியாகிவிட்டது. அரிவாளுக்கு முந்தைய நாட்களே இக்கட்டுரைக்கு முக்கியம். ஓல்வேயஸின் மூன்று அளவுகோல்களும் அங்கே பொருந்துகின்றன. ஆனால் பலத்தின் சமமின்மை உடல்பலத்திலோ வகுப்பில் யாருக்குச் செல்வாக்கு என்பதிலோ இல்லை. அது பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஊரில் தீர்மானிக்கப்பட்டு, கையில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தில், சைக்கிளில் பூசிய வண்ணத்தில் வகுப்புக்குள் வருகிறது. (கயிறுகளுக்கு எதிராகப் பள்ளிக் கல்வித் துறை 2019இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சரே அதிலிருந்து விலகி நின்றார்.)

இப்படிப்பட்ட வதைக்கு ஆளாகும் பிள்ளை கொள்ளும் விளக்கம் எப்படி இருக்கும்? ஜெனிஃபர் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒடுக்கப்பட்ட குழுவைச் சேர்ந்தவர் தனக்கு நேரும் அவமதிப்பை எதிராளியின் பாரபட்சத்தோடு இணைத்துப் பார்க்கும்போது அவருடைய சுயமதிப்பு காக்கப்படுகிறது. "குறை என்னிடம் இல்லை, அவர்களுடைய சாதித் திமிரில் இருக்கிறது." திக்குவாய்க்காகக் கேலி செய்யப்படும் பிள்ளைக்குக் கிடைக்காத கவசம் இது. கிரஹாம், யுவோனன் வழியில் யோசித்தால், இப்பிள்ளையின் நிலை ஒருபடி மேலாக இருக்க வேண்டும்.

ஆனால் ஆப்ரம்சன் குழுவினரின் 1989 திருத்தத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரணம் வெளியில் இருக்கிறது, சரி. அது நிலையானதும்கூட; பிறப்போடு வந்து இறப்புவரை இருப்பது. எல்லாவற்றையும் தொடுவதும்கூட, பள்ளியில் இருக்கிறது, பேருந்தில் இருக்கிறது, தேநீர்க் கடையில் இருக்கிறது, கல்லூரிக்குப் போனால் அங்கும் இருக்கும். சுயமதிப்பு உடையாமல் நம்பிக்கை மட்டும் உடைவது இத்தகைய வதையில் சாத்தியம். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், ஆனால் எதுவும் மாறப்போவதில்லை." சுயமதிப்பை மட்டும் அளக்கும் பள்ளி ஆலோசகரின் தாளில் இப்பிள்ளை தேறிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வராமல் போவதை அந்தத் தாள் விளக்காது. வராமல் போவது இங்கே கோழைத்தனமோ சோம்பலோ அல்ல. மாறாது என்று கணித்த ஒருவர், அந்தக் கணிப்பின்படி எடுக்கும் முடிவு.

மறுபக்கமும் இருக்கிறது. அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' முதல் இங்குள்ள சாதி எதிர்ப்பு மரபு முழுவதும் செய்துவந்த வேலைகளில் ஒன்று, சாதியை இயற்கையின் கணக்கிலிருந்து எடுத்து மனிதர்களின் கணக்கில் எழுதியது. மனிதர் உண்டாக்கியது என்றால் மாற்றவும் கூடும். உளவியல் சட்டகத்தில் சொன்னால், 'நிலையான' காரணத்தை 'மாறக்கூடிய' காரணமாக்கியது. அரசியல் உணர்வு பதின்வயதுப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம். நம்பிக்கைக்கு வேண்டிய முக்கியமான பொருள் ஒன்று அவர்கள் பூட்டி வைக்கும் அலமாரியில்தான் இருக்கிறது.

2024 மே மாதம் அந்த மாணவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். செய்தித்தாள்கள் அதைத் தன்னம்பிக்கையின் வெற்றியாகக் கொண்டாடின. அவருடைய உறுதி மறுக்க முடியாதது. ஆனால் கதையை அதோடு முடித்துவிட்டால் ஒரு முக்கியமான மாறி காணாமல் போகிறது. தாக்குதலுக்குப் பிறகு, அரசு முதல் பொதுமக்கள் வரை பலர் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார்கள். யாரும் வரமாட்டார்கள் என்ற கணிப்பு பொய்யானது. பள்ளிக்குப் போவதை நிறுத்திய நாட்களில் அப்படி ஓர் ஆள் வகுப்பறையில் கிடைத்திருந்தால் என்று யோசிப்பதே ஆய்வாளரின் வேலை. மதிப்பெண்ணைப் பாராட்டுவது எல்லாரும் செய்யக்கூடியது.

6. வகுப்பறை என்னும் அலகு

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி உருவாக்கிய 'கிவா' திட்டம் வதைப்பவரையோ வதைபடுபவரையோ மட்டும் குறிவைப்பதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பவர்களையே முதன்மையாகக் குறிவைக்கிறது. வதைப்பவர் தேடுவது பார்வையாளர்களிடம் கிடைக்கும் மதிப்பு என்பதும், சிரிப்பு நின்றால் ஆட்டம் நிற்கும் என்பதும் அதன் அடிப்படை. திட்டம் பலன் தந்தது. ஆனால் அதே ஆய்வு மரபிலிருந்து சங்கடமான ஒரு கண்டுபிடிப்பும் வந்தது. வதை வெகுவாகக் குறைந்த வகுப்புகளில், இன்னும் வதைக்கு ஆளாகிக்கொண்டிருக்கும் ஓரிரு பிள்ளைகளின் நிலை, வதை மலிந்த வகுப்புகளில் உள்ளவர்களைவிட மோசமாக இருக்கிறது. கிளேர் கராண்டோவும் சால்மிவல்லியும் இதை விளக்கும் விதம் நாம் பார்த்த கோட்பாட்டோடு ஒட்டிப்போகிறது. எல்லாருக்கும் நடந்தால் வகுப்பு கெட்டது. எனக்கு மட்டும் நடந்தால் நான்தான் கெட்டவன். சராசரி குறைந்துவிட்டது என்று திட்ட அறிக்கை எழுதுவோர் அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையைத் தனியே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளிச் சூழலை மாற்றினால் வதை குறையும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று ஒன்று உண்டு. நம்மிடையே போதிய கவனம் பெறாதது. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மையமாக வைத்து நடந்த 'செஹர்' என்ற ஆய்வு. 2018இல் லான்செட் இதழில் சச்சின் ஷிண்டே, விக்ரம் பட்டேல் உள்ளிட்டோர் வெளியிட்டது. பள்ளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் அதற்கென்றே பயிற்சி பெற்ற, உளவியல் பட்டம் இல்லாத ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். இன்னொரு பிரிவில் அதே வேலையை அப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவது பிரிவில் வழக்கமான பாடத்திட்டம் மட்டும். வேலை என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை: சுவரிதழ், மாதம் ஒரு பொருளில் போட்டிகள், பெயர் போடாமல் எழுதிப் போடக்கூடிய புகார்ப் பெட்டி, தேவைப்படும் பிள்ளையோடு தனியே பேசுதல்.

தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக மேம்பட்டது. வதையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியர்களைக் குறைசொல்ல இது போதாது. பாடம் நடத்தி, மதிப்பெண் போட்டு, கணக்கெடுப்பு வேலைக்கும் போய்வரும் ஒருவரிடம் இன்னொரு சுமையை ஏற்றினால் அது கடைசி வரிசைக்குத்தான் போகும். மதிப்பெண் போடுகிறவரிடமே ஒரு பிள்ளை வகுப்பின் இரகசியத்தைச் சொல்லத் தயங்குவதும் இயல்பே.

2024 ஜூன் மாதம் அரசிடம் அளிக்கப்பட்ட சந்துரு குழுவின் அறிக்கையைப் பற்றிய பொதுவிவாதம் கயிற்றுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தடை என்ற அளவில் நின்றுபோனது. அகரவரிசையில் மாணவர்களை உட்காரவைப்பது, வருகைப்பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வது போன்ற பரிந்துரைகள் மேலோட்டமாகப் பார்த்தால் சில்லறை விவகாரங்கள். காரணம் மாறக்கூடியது என்று ஒரு பிள்ளைக்கு வகுப்பறையே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடுகளாக அவற்றைப் படித்தால் அவற்றின் எடை கூடும். அறிக்கையில் அவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது பள்ளி நல அலுவலர் என்ற பதவிக்கான பரிந்துரை. ராகிங், சாதிப் பாகுபாடு, பாலியல் தொல்லை போன்றவற்றைக் கவனிக்கவென்றே பள்ளியில் ஒருவர். நாலந்தாவில் பலன் தந்ததும் பாடம் நடத்தாத அப்படி ஒரு தனி ஆள்தான்.

ஆனால் அப்பரிந்துரை அந்தப் பதவியைக் கட்டாயமாக்குவது 500க்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ள பள்ளிகளுக்கு மட்டும். சிற்றூர்களின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அவ்வளவு பிள்ளைகள் இல்லை. அங்கே வகுப்புக்கு ஒரு பிரிவுதான். பிரிவு மாற்றிக் கேட்க வழியில்லை. ஆசிரியர்களிலும் பலர் அதே வட்டாரத்துக்காரர்கள். புகார் சொன்னால் மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். செலவு காரணமாக ஒவ்வொரு சிறு பள்ளிக்கும் ஓர் அலுவலர் முடியாது என்றால், நான்கைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்துபோகலாம். புகார் வந்த அன்றே, அது யார் காதுக்குப் போவதற்கும் முன்பாக, புகார் சொன்ன பிள்ளையின் வீட்டுப் பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமையையும் அந்தப் பதவியின் பணி வரையறையிலேயே எழுதிவைக்க வேண்டும்.